கோபுரத்தில் ஒரு விளக்கு

லோயிக் எழுந்தான். காபி வடித்தான். முந்தின நாள் ரொட்டியில் வெண்ணெய் தடவி, காபியில் தோய்த்துத் தின்றான். பூனைக்குத் தீனி வைத்தான். சவரம் செய்தான். கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, மனைவியைத் தகனம் செய்யப் புறப்பட்டான்.

தகனக்கூட வாசலிலேயே மாமியார் யோலாந்த் மறித்துக்கொண்டாள்.

"அந்தப் பாட்டையா போடச் சொல்லியிருக்கே?"

"ஆமா."

"புத்தி கித்தி பேதலிச்சுடுச்சா உனக்கு? அதைக் கேட்டாலே அவளுக்குக் குமட்டிக்கிட்டு வரும்னு தெரியாது?"

"தெரியும், யோலாந்த்."

தெரியாமல் என்ன? அவன் மனைவி எலோதி இளவயதில் ஓர் இசை நாடகத்துக்காகப் பாடிய பாட்டு அது. நாடகம் மேடையேறுவதற்கு ஒரு வருஷம் முன்பே ரேடியோவில் விட்டுவிட்டார்கள். கல்யாண வீடு, காய்கறிக் கடை, பல் டாக்டரின் வரவேற்பறை, எங்கே போனாலும் 'கோபுரத்தில் ஒரு விளக்கு'தான். அப்புறம் நாடகம் வந்தது. போருக்குப் போனவனை நினைத்து, ராணி வேஷத்தில் எலோதி கோபுரத்தில் நின்று உருகுவாள். மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் இருமிக்கொண்டிருந்த ஜனங்கள், இதற்கு மட்டும் எழுந்து நின்று கூடவே பாடுவார்கள். ஊர் ஊராக, வருஷக்கணக்கில். வேறு பாட்டு பாடு என்று அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. வீட்டில் அதன் பேரை எடுத்தால் தலையணை பறக்கும்.

"உங்க கல்யாணத்துல அதைப் போட்ட பையனோட ஸ்பீக்கர் வயரையே பிடுங்கினவடா அவ!" யோலாந்த் இன்னும் நெருங்கி வந்தாள். "அந்த வெள்ளை கவுனோட மேஜைக்கு அடியில தவழ்ந்து போய்ப் பிடுங்கினா!"

"நான்தான் காலைப் பிடிச்சு வெளியே இழுத்தேன். ஞாபகம் இருக்கு."

மைத்துனன் தமியேன் நனைந்த குடையை மடக்கியபடி வந்தான். லோயிக்கின் இரு கன்னத்திலும் முத்தமிட்டான். காதோடு காதாகப் பேசினான்.

"டேய், ஒரு வழி சொல்றேன். அந்த நாடகத்துல வாத்தியக்காரங்களே கிடையாது, எல்லாம் டேப்தானே? குரல் இல்லாம இசையை மட்டும் போடுவோம். அம்மாவும் அடங்கிடுவாங்க. நாடகக்காரங்களும் நாலு சொட்டு கண்ணீர் விட்டுட்டுப் போவாங்க."

"குரலோடதான்."

"சரி, பாதியில நிறுத்திடு. கடைசியில சுருதி ஏறுமே, அதையாவது விட்டுடுடா. 'லிஃப்ட் கிளம்பிடுச்சு'ன்னு அதைத்தான் அவ ரொம்பக் கிண்டல் பண்ணுவா."

"முழுசா. லிஃப்ட்டும் சேர்த்து."

"இது என்னடா குரங்குப் பிடி?"

யோலாந்த் தகனக்கூடப் பொறுப்பாளரிடம் திரும்பினாள்.

"ஐயா, பெத்தவ நான் சொல்றேன். அந்தப் பாட்டு வேண்டாம்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மன்னிக்கணும், மதாம். பாட்டு விஷயத்துல கணவர் சொல்றதுதான் எங்களுக்கு."

"அப்படின்னா நான் உள்ளே வரலை. மழையிலயே நிக்கிறேன்."

"உங்க இஷ்டம்," என்றான் லோயிக்.

அவள் முறைத்தாள். பிறகு எல்லோருக்கும் முன்னால் உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

லோயிக் பொறுப்பாளரிடம் சொன்னான்: "பெட்டி மேல இருக்கிற பூ வளையங்களை எடுத்துடுங்க. நடுவழியில வச்சிருக்கிறதையும். அப்புறம், அந்த வாசல் கதவு திறந்தே இருக்கட்டும்."

"குளிர் அடிக்குமே?"

"அடிக்கட்டும்."

பாட்டு தொடங்கியது. எலோதியின் இளம் குரல் கூடத்தை நிறைத்தது. நாடகக்காரர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். யோலாந்த் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். திறந்த கதவு வழியே வந்த காற்றில் மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைந்தன. லோயிக் அழவில்லை. யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்து, பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். சுருதி ஏறிய இடத்தில் பாதி எழுந்தேவிட்டான்.

பாட்டு முடிந்தது. பெட்டிக்கு முன்னால் திரையை இழுத்துவிடப் பொறுப்பாளர் கையை உயர்த்தினார்.

"திரையை மூடாதீங்க," என்றான் லோயிக். "இன்னொரு தடவை போடுங்க. சத்தத்தைக் கூட்டி."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "டேய், போதும்டா," என்று தமியேன் தோளைப் பிடித்தான். லோயிக் அந்தக் கையை எடுத்துவிட்டான்.

"போடுங்க."

யோலாந்த் எழுந்து வந்து அவன் கோட்டைக் கொத்தாகப் பிடித்தாள்.

"செத்தவளை எதுக்குடா இப்படிப் பழிவாங்குற? அப்படி என்ன பண்ணிட்டா என் பொண்ணு? கடைசியா உன்கிட்ட என்னதான் சொன்னா?"

லோயிக் மூடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆபரேஷனுக்குத் தள்ளிக்கிட்டுப் போறாங்க. யாரோட ரேடியோவிலயோ இந்தப் பாட்டு. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சொன்னா: 'நான் செத்தா மட்டும் இதைப் போட்டுப் பாரு, சத்தியமா மூடியைத் தள்ளிட்டு எழுந்து வெளியே நடந்துடுவேன்.'"