ஓகுமே வீட்டு யோஜின்போ

கூலிக்குக் காவல் நிற்கும் வாள்வீரனை ஒதவாரா ஊரில் யோஜின்போ என்பார்கள். மகோஷிரோ இதுவரை இரண்டு வீடுகளில் யோஜின்போவாக இருந்துவிட்டான். இரண்டையும் துடைத்து எடுத்துக்கொண்டுதான் கிளம்பினான்.

மூன்றாவதாக அவன் குறிவைத்தது ஓகுமேயின் எண்ணெய்க் கடை. அவள் விதவை. வேலையாட்கள் எல்லோரும் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் வந்து நின்றான்.

"அம்மா, தனியா இருக்கீங்க. ஊர்ல திருட்டு பயம் வேற. என்னை யோஜின்போவா வெச்சுக்கங்களேன்."

"அதான் ஏற்கெனவே இருக்கே ஐயா. எங்க வீட்டுக்காரர் காலத்துலேர்ந்து."

மகோஷிரோவின் முகம் சுருங்கியது. "சம்பளம் எவ்வளவு?"

"கிடையாது."

"சாப்பாடு?"

"இதுவரைக்கும் கேட்டதில்ல."

"இப்படி இருந்தா எங்க பொழப்பு என்னாகறது! வாள் வீசவாவது தெரியுமா?"

"வாளெல்லாம் எதுக்குங்க? போன வருஷம் ஒருத்தன் பின்பக்கமா நுழைஞ்சான். ஒரே அடி. அவனைத் தூக்கிட்டுத்தான் போனாங்க."

வாளில்லாத யோஜின்போவா? பயத்தில் கதை விடுகிறாள் என்று மகோஷிரோவுக்குப் புரிந்துவிட்டது.

"எங்கே, காட்டுங்க பார்ப்போம்."

"பின்கட்டுலதான். இருங்க" என்று உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் கல்லாப்பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான் மகோஷிரோ. வாசலில் குனிந்து வைக்கோல் செருப்பை மாட்டும்போது பின்மண்டையில் இடி இறங்கியது.

கண் விழித்தபோது கைகால்கள் கட்டப்பட்டிருந்தன. எதிரே ஊர்க்காவல் அதிகாரி. ஓகுமே கல்லாப்பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இம்மாம் பெரிய ஆளை ஒரே அடியில சாய்ச்சது யாரும்மா?"

"எங்க யோஜின்போதாங்க."

"உன் வீட்டுல அப்படி யாரும் இருக்கறதா எங்க பட்டியல்ல இல்லையே! வரச் சொல்லு. விசாரிக்கணும்."

"தானா வராதுங்க ஐயா. நான்தான் தூக்கிட்டு வரணும்."

பின்கட்டுக்குப் போய் அவள் சுமந்து வந்து அதிகாரியின் முன்னால் கிடத்தியது, கதவுக்குக் குறுக்கே போடும் கனத்த மரக்கட்டை. யோஜின்போ என்ற பேர் முதலில் அதற்குத்தான் இருந்தது, மகோஷிரோ மாதிரி ஆட்கள் அதை எடுத்துக்கொண்டது பிற்பாடு.