பேட்டரி இல்லாத பெட்டி

"இன்னா சார், நேத்து வரைக்கும் நல்லாத்தானே வேல செஞ்சிக்கினு இருந்துச்சு?"

சதுரங்கப்பட்டினம் ஐஸ் ஃபாக்டரி முதலாளி சொர்ணம் கேட்டதும் ஜெபகுமாருக்கு வியர்த்துக் கொட்டியது.

கம்ப்ரசர் மேல் பத்து நாள் முன்பு அவன் ஒட்டிய தீப்பெட்டி அளவுக் கருவி, மெஷினின் சூட்டை அளந்து கம்பியில்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இன்று காலையிலிருந்து மூச்சுப் பேச்சில்லை. ஊரைக் கூட்டிச் செய்கிற காரியம் என்றைக்குச் சொன்னபடி நடந்திருக்கிறது! வேறு மூன்று ஐஸ் ஃபாக்டரிக்காரர்களும் பார்க்க வந்திருந்தார்கள். பிடித்தால் நால்வருமே வாங்குவார்கள். இல்லாவிட்டால் ஜெபகுமார் தன் சின்னக் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

"பேட்டரி தீந்துருக்கும்," என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"இதுல பேட்டரியே இல்லீங்க. கரன்ட் கம்பியும் கிடையாது. வேணுங்கிறதை இருக்கிற இடத்துலருந்தே எடுத்துக்கும்."

பத்து நாளாகப் பெருமையாகச் சொன்னதை இப்போது சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது.

ஆபரேட்டர் பன்னீர்செல்வம் கருவியைக் கழற்றிக்கொண்டு வந்தார். உப்புக் காற்றில் துரு ஏறியிருக்குமோ என்று ஜெபகுமார் திறந்து பார்த்தான். உள்ளே பளபளவென்று இருந்தது. இன்னொன்றைக் கொடுத்து மாட்டச் சொல்லிவிட்டு லேப்டாப்பையே பார்த்தான். அதுவும் ஊமை.

சந்தேகம் பன்னீர்செல்வம் மேல் போனது. பெட்டி வந்தால் தன் வேலை போய்விடும் என்று முதல் நாளே முணுமுணுத்தவர் அவர். ஜெபகுமாருக்கு ஆத்திரம் பொங்கியது.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அதுல கை வெச்சீங்களா?"

"அம்மா சத்தியமா தொடல சார். முன்ன எதுனா பேசிகீறேன், இல்லேங்கல. அதுக்காக உன் பொயப்புல மண்ணப் போடுவனா? நான் உனுக்கு ஒத்தாசதான் பண்ணிகீறேன்."

"என்ன ஒத்தாசை?"

"நாலு பெரிய மன்சங்க வர்றாங்க. மெஷினு கெடகெடன்னு ஆடிக்கினு கெடந்தா உனுக்குத்தானே அசிங்கம். அதான் நேத்து ராவு முச்சூடும் குந்திக்கினு, அடியில புது ரப்பர் குடுத்து, போல்ட்ட எல்லாம் இறுக்கி வுட்டேன். இப்ப டீ கிளாஸ் வெச்சாகூட தளும்பாது, பாரு."

ஜெபகுமார் எழுந்து போய் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் மேல் கையை வைத்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த ஆட்டத்துலருந்துதாண்ணே அது கரன்ட் எடுத்துக்கிட்டு இருந்துச்சு."