நேர்கோடு

நகர வடிவமைப்புப் பேராசிரியருக்கு வளைவு என்றாலே ஆகாது. இறுதியாண்டு மாணவி மேஜையில் விரித்த வரைபடத்திலோ, புதிய சாலை ஒரு வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது.

"என்னம்மா இது, ரோடு வயித்துவலி வந்தமாதிரி நெளியுது?"

"சார், அந்த வீடு..."

"வீட்டுக் கதையெல்லாம் வேண்டாம். நகரம் வளரணும்னா நாலு பேர் நகரத்தான் வேணும். பார்த்தாலே கோழிக்கூண்டு மாதிரி இருக்கு. இடிச்சா ஊருக்குப் புண்ணியம்!"

சிவப்புப் பேனாவை எடுத்து, வீட்டின் குறுக்கே அவரே நேர்கோடு இழுத்தார்.

தேர்வாளராக வந்திருந்த நகராட்சிப் பொறியாளர் அசந்துபோனார். "பிரமாதம் சார்! இதையே நாங்க எடுத்துக்கறோம். அடுத்த மாசமே வேலையை ஆரம்பிச்சுடலாம்" என்று வரைபடத்தைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோனார்.

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. வரைபடத்தை எப்படிப் படிப்பது என்று முப்பது வருடம் சொல்லிக்கொடுத்ததற்கு இன்றுதான் பலன் கிடைத்திருக்கிறது.

"ஆமா, அந்த வீட்டு மேல உனக்கு ஏன் அவ்வளவு பாசம்? சொந்தக்காரங்க வீடா?" என்று பெருந்தன்மையோடு கேட்டார்.

"இல்ல சார். அளவெடுக்கப் போனப்ப உங்க வீட்டம்மாதான் கதவைத் திறந்தாங்க."