ஞாயிற்றுக்கிழமை விமானம்

சாப்பாட்டு மேஜை முழுக்க ஃபோம் துணுக்குகள். ஆடிட்டர் ரிமோட் விமானத்தின் இறக்கைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். நிஜ விமானம் என்றாலே அவருக்குப் பயம். இதுவரை ஒன்றில்கூட ஏறியதில்லை.

"என் கையால செஞ்சது அஞ்சு நிமிஷம் விழாம பறக்கட்டும். ஞாயித்துக்கிழமை உன்கூட வர்றேன்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"இந்த ஞாயிறை விட்டா வேற நாளே கிடையாதுங்க" என்றாள் அவள். "பேட்டரியைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வைங்க. மூக்குல கனம் பத்தல."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ பேசாம இரு."

மைதானத்தில் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பி, தலைகுப்புற விழுந்தது. அவள் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றுகொண்டாள். அவர் ஒடிந்த இறக்கைக்கு டேப் ஒட்டினார். அவள் பார்க்காத நேரத்தில் பேட்டரியையும் முன்னால் நகர்த்தினார்.

இம்முறை விமானம் சமர்த்தாக வட்டமடித்தது. முழுசாக ஆறு நிமிடம்.

"மாட்டிக்கிட்டீங்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பெல்ட்டை மூன்றாம் முறையாக இழுத்துப் பார்த்தார்.

"தனியா வந்தீங்களா சார்?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"இல்ல, வீட்ல முன்னாடி இருக்காங்க."

ஒலிபெருக்கி கரகரத்தது.

"வணக்கம், உங்கள் விமானி பேசுகிறேன். முப்பது வருடப் பணியில் இது என் கடைசிப் பயணம். என் கணவர் என்னோடு வருவது இதுதான் முதல் தடவை. பன்னிரண்டாவது வரிசையில் ஒருவர் கண்ணை இறுக மூடியிருப்பார். தயவுசெய்து யாரும் சிரிக்காதீர்கள்."

முதலில் சிரித்தவர் அவர்தான். கண்ணை மட்டும் திறக்கவில்லை.