இந்த வருசம் என்ன விட்டீங்க?

“ஏங்க, காடிய நிறுத்துங்க! அது நம்ம அகஸ்டின் அண்ணன்தானே?”

கியா பார்ம் மலை ரோட்டு வாகன நெரிசலில் கார் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. ஜெஃப்ரி எட்டிப் பார்த்தார்.

ஸ்ட்ராபெரி கடைகளுக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு காப்பி ஸ்டால். வெளியே, ரோட்டைப் பார்த்த மாதிரி போட்ட நாற்காலியில் அகஸ்டின். கையில் காப்பி. ஸ்பீக்கர் அலறுகிறது. இளவட்டமாக இருந்தபோது அவர் பைத்தியமாகக் கிடந்த அதே இங்கிலீஷ் பேண்டின் பாட்டு. தலை ஆடுகிறது, கால் தாளம் போடுகிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பெட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“தவக்காலம்ங்க! ஏசுவுக்காகப் புடிச்சத விட்டு நோம்பு இருக்குற காலம்! அதுவும் வெள்ளிக்கிழமை! சிலுவைப்பாதைக்கு வந்து ஜெபம் சொல்ல வேண்டிய மனுசன்!”

“வருசா வருசம் நாப்பது நாளும் காப்பிய விட்டுருவாரே,” என்றார் ஜெஃப்ரி. “பாட்டையும் சேத்துல்ல விடுவாரு?”

“அதான! சாம்பல் புதன் ஆச்சுன்னா ஒவ்வொருத்தரா நிறுத்தி, இந்த வருசம் என்ன விட்டே, என்ன விட்டேன்னு உசிர எடுப்பாரு. இந்த வருசம் யாரையும் கேக்கல, பாத்தீங்களா? இப்பல்ல தெரியுது! அவரு கேப்பாருன்னு பயந்து நானும் காப்பிய விட்டுட்டு, தலைவலி மண்டையப் பொளக்குது. பெத்த புள்ளையப் பறிகொடுத்த மனுசன் பண்ற வேலையா இது? கண்றாவி லா!”

சொன்ன வேகத்தில் இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றாள்.

“அண்ணே! என்னண்ணே இது?”

“வா பெட்டி. புதுக் காப்பி. குலா மலாக்கா வெல்லம் போட்டிருக்கான், நல்லாத்தான் இருக்கு.”

“வெக்கமா இல்ல? ரோட்டுல போறவங்கள்லாம் பாக்குறாங்க!”

“பாக்கணும்னுதான் லா வெளிய உக்காந்திருக்கேன்.” உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “தம்பி, பாட்ட இன்னும் சத்தமா வை. பெட்டிக்கும் ஒரு காப்பி.”

உள்ளேயிருந்து கோப்பையோடு வந்தவனின் முகத்தைப் பார்த்ததும் பெட்டி பின்னால் நகர்ந்துவிட்டாள்.

கோகிலன்!

கோலா தெர்லா ரோட்டில் தூக்கக் கலக்கத்தில் காய்கறி லோரியை ஓட்டி, மோட்டார் சைக்கிளில் வந்த எட்ரியனை மோதிக் கொன்றவன். எட்ரியன் அகஸ்டினுக்கு ஒரே மகன்.

“இவன் எப்ப ஜெயில்ல இருந்து வந்தான்? ஐயோ, இவன் கையால வாங்கி... உங்க தொண்டையில எறங்குதாண்ணே?”

கோகிலன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டான்.

“மொத வாய் எறங்கலதான்,” என்றார் அகஸ்டின். “ரெண்டாவது எறங்கிருச்சு.”

பெட்டி அந்தக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“இவன் கடை தொறந்து ஒரு வாரமாவுது. நம்ம ஆளுங்க ஒருத்தரும் வரல. கேட்டா, என் மனசு நோவுமாம். இது படுத்துருச்சுன்னா இவன் மறுபடியும் லோரிக்குத்தான் போவணும். இப்பவும் லோரியப் பாத்தா ரோட்ட விட்டு எறங்கி நின்னுக்குறான்.”

ஜாமில் நின்ற வேனிலிருந்து பக்கத்து லைன் ஆண்டியப்பன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அகஸ்டின் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

“எறங்கு லா! நானே குடிக்கிறேன், ஒனக்கு என்ன?”

ஆண்டியப்பன் தயங்கித் தயங்கிக் கதவைத் திறந்தார்.

“அது சரிண்ணே,” பெட்டியின் சுருதி இறங்கியிருந்தது. “தவக்காலம் முடிஞ்சு குடிச்சிருக்கலாம்ல?”

“காப்பிய விடுறது லேசு பெட்டி. எத்தன வருசமா விட்டேன்! வீட்டுல எவனாச்சும் இவன் பேர எடுத்தா மட்டும் எரிஞ்சு விழுவேன். இந்த வருசம் அந்தக் கோவத்த விட்டுப் பாக்குறேன். இங்க வந்து குடிச்சாத்தான் அது போவுது, என்ன பண்ண?”

ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஆமா, ஒன்னக் கேக்கவே மறந்துட்டேன். நீ இந்த வருசம் என்ன விட்டே?”

பெட்டி நாற்காலியைத் தேடி இழுத்து, ரோட்டைப் பார்த்த மாதிரி போட்டு உட்கார்ந்து, கோகிலன் வைத்த கோப்பையைக் கையில் எடுத்தாள். “வெறும் காப்பியத்தாண்ணே,” என்று முனகிவிட்டு ஒரு வாய் குடித்தாள்.