பட்டியலில் பத்துப் பேர்

கேசவ் பெங்களூர் அல்சூரில் ஒரு இரத்ததானக் குழுவின் கணினி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேவையை டேட்டாபேஸில் பதிந்தால் போதும், அந்த வகை இரத்தம் உள்ளவர்களுக்கு மின்னஞ்சல் தானாகவே போய்விடும். அன்று காலை ஏழு மணிக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் சின்னப்பா என்ற தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து இரத்தம் கேட்டதும் கேசவ் ‘ஓ நெகட்டிவ்’ என்று பதிந்தான். பட்டியலில் இருந்தது பத்துப் பேர். பதினொரு மின்னஞ்சல்கள் போனதாகக் கணினி காட்டியது.

“இது வேற உயிர வாங்குது!” நிரலை அழித்துத் திரும்ப எழுதினான். மறுபடியும் பதினொன்று.

“அது கெடக்கட்டும் கேசவ், மொதல்ல ஆளப் பாருங்க” என்றாள் உடன் வேலை செய்யும் நிருபமா. பிரௌசிங் சென்டருக்குப் போய் வாரம் ஒருமுறை மின்னஞ்சல் பார்ப்பவர்களே அதிகம் என்பதால், எப்போதும்போல் பத்துப் பேருக்கும் போன் செய்தாள். எட்டுப் பேர் ஊரில் இல்லை. இருவருக்குக் காய்ச்சல்.

அன்று காலை பதினொரு மணிக்கே சின்னப்பாவின் மனைவி எல்லம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள்.

“நீங்க அனுப்புன அண்ணன் ரத்தம் குடுத்துட்டாரு சார். ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. சாமி உங்கள நல்லா வெக்கணும்.”

“நாங்க யாரையும் அனுப்பலையேம்மா.”

“என்னா சார், தமாஷ் பண்றீங்க? உங்க மெயில் பாத்துட்டுத்தான் வந்தேன்னாரு. மூணு நாளா இங்க பெஞ்சுலயே காத்துக்கிட்டு இருந்தாராம், வாட்ச்மேன் சொல்றாரு.”