மூலையில் எறிந்த கோட்

"இஞ்சாருங்கோ, வீட்டு ஏஜென்ற் வந்து நிக்கிறான்! நாளைக்கு வாறனெண்டெல்லோ சொன்னவன்!"

திரைச்சீலையை விலக்கிப் பார்த்த தவநாயகி புருசனைக் கூப்பிட்டாள். வெளியே பெனடிக்ற். தோளில் வீடியோக் கமரா, மற்றக் கையில் கழற்றின கோட். தெருவிலிருந்தே வீட்டைப் படம் பிடித்துக்கொண்டு வந்தான்.

வீட்டுக்காரர் ஸ்பெயினில். லண்டன் மிச்சம் வரைக்கும் வந்து வீட்டைப் பார்க்கிற அலுப்பு இந்தத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் அவருக்கில்லை. ஏஜென்ற் வீடியோ எடுத்துக் கசெற்றை அனுப்புவான், அவர் வெயிலில் சாய்ந்திருந்து பார்ப்பார். அக்றிமென்ற்படி வீட்டில் தவநாயகியும் புருசன் யோகலிங்கமும் மட்டும்தான். மேலே நித்திரை கொள்வதோ, ஊரிலிருந்து தப்பி வந்த நாலு பொடியள்.

பிடிபட்டால் இந்த ஜனவரிக் குளிருக்குள் ஆறு பேரும் றோட்டில்தான்.

"தம்பியவை, எழும்புங்கோ! பின் கதவாலை தோட்டத்து ஷெட்டுக்குள்ளை ஓடுங்கோ!"

இரவு வேலை முடிந்து படுத்ததுகள், பாவங்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடின. யோகலிங்கம் மெத்தைகளைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

கதவைத் திறந்தால், பெனடிக்ற் வாய் திறந்து ஒரு வணக்கம் சொல்லவில்லை. கீழே பார்த்தான். முகத்தைச் சுளித்தான். கமராவை மேலே தூக்கிக்கொண்டு, கோட்டைக் கதவு மூலையில் தொப்பென்று எறிந்தான். சப்பாத்தோடேயே உள்ளே வந்தான்.

கோட்டை எடுத்துக் கொழுவி வைப்போமென்று தவநாயகி குனிந்தாள்.

"லீவ் இற்!" என்று இங்கிலீசில் அதட்டினான்.

அவள் நீட்டின கையை இழுத்துக்கொண்டாள்.

"மன்னார்ப் பொடியனாம். திமிரைப் பாருங்கோ" என்று புருசனின் காதைக் கடித்தாள். "வாயிலை ஒரு சொல்லுத் தமிழ் வருதே?"

"பேசாமலிரப்பா. எங்கடை சீவியம் அவன்ரை கையிலை கிடக்கு."

அறை அறையாக எடுத்தான். எடுக்க எடுக்க இங்கிலீசில் சொல்லிக்கொண்டும் போனான். குசினி யன்னலால் தோட்டத்தைக் கமரா பார்த்தபோது, ஷெட்டுக்குள் ஒரு தும்மல்.

முருகா!

தவநாயகி உடனே தானும் தும்மினாள். காணாதென்று இன்னொருக்காலும் தும்மினாள்.

கமரா ஷெட்டையே பார்த்தபடி நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, அடுப்பைப் பார்த்தது.

ஒருவழியாக முன்கதவடிக்கு வந்தார்கள். பெனடிக்ற் எதையோ அமத்தினான். கமராவின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது.

"அக்கா, குறை நினையாதேங்கோ" என்றான். நல்ல மன்னார்த் தமிழ்! "இந்தச் சனியன் கதைக்கிறதையும் பிடிக்கும். அதுதான் வாய் திறக்கேல்லை."

குனிந்து கோட்டைத் தூக்கினான்.

கீழே நாலு சோடிச் சப்பாத்து. பொடியள் வேலையால் வந்து கழற்றிவிட்டபடியே கிடந்தன.

ஆக்களை ஒளித்தவள் வாசலை மறந்து போனாள். தவநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொடியளைக் கூப்பிடுங்கோ, கால் விறைக்கப்போகுது" என்றான், கோட்டில் ஒட்டின சேற்றைத் தட்டியபடி. "அடுத்தமுறை சப்பாத்தையும் சேத்து ஒளியுங்கோ அக்கா. என்னட்டை இந்த ஒரு கோட்தான் இருக்கு."